நம்ம பையனுக்கு எத்தனை நிமிடம்?

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்தில் வெளிநாட்டு வீரர்கள் வந்து உள்ளூர்ப் பிள்ளைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்களா என்பதுதான் இன்றைய பேச்சு.

1994 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணி பார்சிலோனாவை எதிர்த்து ஆட, அவர்களுடைய மைதானத்துக்கே போனது. யுனைடெட்டின் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல், அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அவருக்குக் காயம் இல்லை, தடை இல்லை, ஆட்டத்தில் சரிவும் இல்லை. ஆனாலும் அன்று அவரை இறக்கவில்லை. அவர் டென்மார்க்காரர் என்பதுதான் காரணம்.

ஐரோப்பியப் போட்டிகளில் ஒரு கிளப் மூன்று வெளிநாட்டவரை இறக்கலாம், அந்த நாட்டிலேயே பல வருடம் ஆடி ஊறியவர்கள் என்றால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது என்பது அப்போதைய விதி. இங்கிலாந்து கிளப்புக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள்கூட வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அந்த ஐந்து இடங்களையும் மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கோலில் கேரி வால்ஷை நிறுத்தினார். எதிரில் பார்சிலோனாவின் கோல் வேட்டைக்காரர்கள் ரொமாரியோவும் ஸ்டோய்ச்கோவும். யுனைடெட் 4-0 என்று தோற்றது. ஷ்மைக்கேல் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரைப் பிறந்த நாட்டை வைத்து வெளியே உட்கார வைப்பது எப்படிப்பட்ட விதி என்பதை அந்த ஒரு ராத்திரி காட்டிவிட்டது.

அடுத்த வருடமே அந்த விதி விழுந்தது. ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர், லியேஜ் கிளப்புடனான ஒப்பந்தம் 1990-இல் முடிந்த பிறகு, பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்தும் பழைய கிளப் பணம் கேட்டது, அவரால் போக முடியவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரைக் காசு கேட்டுப் பிடித்து வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களை வெளிநாட்டவர் என்று எண்ணி ஒதுக்கவும் கூடாது. ஒரு தொழிலாளி தன் உழைப்பை விரும்பிய இடத்தில் விற்கலாம் என்பதுதான் இதன் சாரம். அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தது? நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பைப் பாருங்கள். 1995 மே மாதம் வியன்னாவில் ஏசி மிலானை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய அணி அது. டேவிட்ஸ், சீடார்ஃப், டி போர் சகோதரர்கள் என்று பெரும்பாலும் தங்கள் அகாடமியிலேயே, அதாவது கிளப் நடத்தும் சிறுவர் பயிற்சிப் பள்ளியிலேயே, வளர்ந்தவர்கள். வெற்றி கோலை அடித்த க்ளைவர்ட்டுக்கு வயது 18. அடுத்த வருடம் டேவிட்ஸும் ரெய்ஸிகரும், அதற்கடுத்த வருடம் க்ளைவர்ட்டும், ஒப்பந்தம் முடிந்ததும், வாங்குகிற கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பணம் எதுவும் இல்லாமல் மிலானுக்கே போனார்கள். சின்ன வயதிலிருந்து வளர்த்த கிளப்புக்கு மிச்சம் கோப்பை மட்டும்தான். அயாக்ஸ் அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

பணக்கார லீக்குகளில் மாற்றம் வேறு விதமாக வந்தது. 1999 டிசம்பர் 26 அன்று, சவுத்தாம்ப்டனுக்கு எதிராக, செல்சி பதினொரு பேரையும் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்தவர்களாகவே இறக்கியது. இங்கிலாந்து லீக்கில் அதுதான் முதல் தடவை. 2001-இல் ஜெர்மனியில் கோட்பஸ் கிளப் அதையே செய்தது, பதினொரு பேரும் வெளிநாட்டவர். 2005-இல் ஆர்சனல் பதினாறு பேர் கொண்ட அணியை அறிவித்தது. அதில் ஒருவர்கூட ஆங்கிலேயர் இல்லை. 2010-இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற இன்டர் மிலான் இறுதி ஆட்டத்தைத் தொடங்கியபோது களத்தில் ஓர் இத்தாலியர்கூட இல்லை. கடைசி நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக மட்டெராட்ஸி வந்தார், அவ்வளவுதான்.

அப்போதிருந்து ஒரு குரல் ஓயாமல் கேட்கிறது. வெளிநாட்டவர் வந்து நம் பிள்ளைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால்தான் தேசிய அணி தோற்கிறது என்கிறார்கள். இங்கிலாந்து, நாடுகளுக்கிடையே நடக்கும் 2008 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறாதபோது இந்தக் குரல் உச்சத்துக்குப் போனது.

சரி, இதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். இங்கிலாந்து 1974 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை, 1978-க்கும் பெறவில்லை. அந்த வருடங்களில் கடல் தாண்டி வந்த வீரர்கள் இங்கிலாந்து லீக்கில் அநேகமாக இல்லவே இல்லை. டாட்டன்ஹாம் கிளப் அர்ஜென்டினாவிலிருந்து ஆர்டிலெஸையும் வில்லாவையும் கூட்டி வந்ததே 1978 உலகக் கோப்பை முடிந்த பிறகுதான். அதே இங்கிலாந்து, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து ஆடுகிற இன்றைய பிரீமியர் லீக்கை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளில் இறுதி ஆட்டம் வரை வந்தது.

இத்தாலியின் கதை இன்னும் சுவாரசியம். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்தில், வெளிநாட்டிலிருந்து புது வீரர்களை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கதவு திரும்பத் திறந்தது 1980-இல். கதவை மூடலாம் என்பவர்கள், 1982-இல் இத்தாலி உலகக் கோப்பை வென்றதைக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் 1969-இல் மிலான், இன்று சாம்பியன்ஸ் லீக் எனப்படும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற பிறகு, 1985-இல் யுவென்டஸ் வெல்லும் வரை எந்த இத்தாலிய கிளப்பும் அதை வெல்லவில்லை. அந்த யுவென்டஸில் கோல் அடித்தவர் பிளாட்டினி, பிரெஞ்சுக்காரர். அப்புறம், கதவு நன்றாகத் திறந்து கிடந்த காலத்தில்தான் 2006 உலகக் கோப்பையும் இத்தாலிக்கு வந்தது. 2018-க்கும் 2022-க்கும் தகுதி பெறாமல் போனதும் அதே திறந்த காலத்தில்தான். ஆக, கதவு திறந்ததா மூடியதா என்பது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரை ஒரு பையனுக்கு எத்தனை நிமிடம் ஆடக் கிடைத்தது? எனக்கு அதுதான் கேள்வி. பயிற்சி மைதானத்தில் என்ன செய்தாலும், தோற்றால் வலிக்கிற ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடுவதற்கு அது ஈடாகாது. பெரிய கிளப்பின் பயிற்சியாளருக்கு அந்த நிமிடங்களைக் கொடுக்கப் பயம். மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் வேலை போய்விடும். அதனால் எங்கிருந்தாவது தயாரான ஆளை வாங்கித்தரச் சொல்கிறார். அந்த ஆள் பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும் அகாடமிப் பையனின் இடம் போனது போனதுதான்.

ஹாரி கேனை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு வயதில் டாட்டன்ஹாம் அகாடமிக்கு வந்தவர். லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பப்பட்டார். 2014-15 சீசன் தொடங்கியபோதும் ஸ்பெயினிலிருந்து 2.6 கோடி பவுண்டுக்கு வாங்கிய சொல்டாடோவும், அடெபயோரும் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அவர்கள் கோல் அடிக்காமல் போகவே கேனுக்கு இடம் வந்தது. அந்த ஒரு சீசனில் லீக்கில் மட்டும் 21 கோல். பிற்பாடு இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். அந்த இடத்தைக் கொடுத்த பயிற்சியாளர் போச்செட்டினோ, அர்ஜென்டினாக்காரர். மார்கஸ் ராஷ்ஃபோர்டு கதையும் இதே மாதிரிதான். 2016 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டில், ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் முன்கள வீரர் மார்ஷியாலுக்கு அடிபட்டதால் ராஷ்ஃபோர்டு உள்ளே வந்தார், இரண்டு கோல் அடித்தார். இறக்கியவர் நெதர்லாந்தின் வான் ஹால்.

இந்த இரண்டு கதைகளும் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையைத்தான் அதிகம் தருகின்றன. முன்னால் நின்றவர் கோல் அடித்துக்கொண்டே இருந்திருந்தால்? மார்ஷியாலுக்கு அன்று அடிபடாமல் இருந்திருந்தால்? அப்படிக் கதவு திறக்காமலே இருபத்திரண்டு வயதில் கீழ் டிவிஷனுக்குப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய விதிகள் வராமல் இல்லை. ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஈஎஃப்ஏ அமைப்பு 2006-இலிருந்து படிப்படியாக ஒரு விதி கொண்டுவந்தது: 25 பேர் பட்டியலில் எட்டு இடம் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு, அதில் நான்கு அந்த கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. பதினைந்திலிருந்து இருபத்தொரு வயதுக்குள் மூன்று வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். எந்த நாட்டில் பிறந்தவர் என்பது கணக்கில் இல்லை. பிரீமியர் லீக்கும் 2010-இல் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. பதினாறு வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்த ஃபேப்ரகாஸ் அந்தக் கணக்கில் உள்ளூர் வீரர். இதைச் சிலர் ஓட்டை என்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. யார் வளர்த்தார்கள் என்று கேட்கிற விதி, எங்கே பிறந்தார் என்று கேட்கிற விதியைவிட நாகரிகமானது.

குறை வேறு இடத்தில். இது பட்டியலுக்கான விதி, களத்துக்கான விதி இல்லை. எட்டு பேர் பெயரை எழுதிவிட்டு எட்டு பேரையும் பெஞ்சில் வைக்கலாம். மூன்றாவது கோல்கீப்பரை அந்தக் கணக்குக்காகவே வைத்திருக்கலாம். அது மட்டுமில்லாமல், உள்ளூர் முத்திரை உள்ள வீரரின் விலையும் ஏறிவிடுகிறது.

களத்துக்கே விதி போட்டால்? சீனாவின் சூப்பர் லீக் 2017-இல் அதைச் செய்து பார்த்தது. தொடக்க அணியில் 23 வயதுக்குட்பட்ட ஒருவராவது இருக்க வேண்டும் என்றார்கள். பயிற்சியாளர்கள் சிலர் பையனை இறக்கிவிட்டு முதல் பாதி முடிவதற்குள் மாற்றிவிட்டார்கள். கைத்தட்டலுக்கும் நேரமில்லாமல் வெளியே வந்த அந்தப் பையன் அன்று என்ன கற்றுக்கொண்டிருப்பான்?

இதைவிடப் பெரிய தீங்கு கணக்குப் புத்தகத்தில் நடக்கிறது. இதை நேயர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரு கிளப் ஆறு கோடி பவுண்டுக்கு ஒருவரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், அந்தச் செலவை வருடத்துக்கு 1.2 கோடி என்று பிரித்து எழுதும். இரண்டு வருடம் கழித்து அவரை நான்கு கோடிக்கு விற்றால், புத்தகத்தில் மீதி 3.6 கோடி இருப்பதால், லாபம் 40 லட்சம்தான். அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. அவரை நான்கு கோடிக்கு விற்றால் நான்கு கோடியும் லாபம், அதுவும் அதே வருடத்தில். மூன்று வருடத்துக்கு 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் வரம்பு போட்டபோது, நெருக்கடியில் இருந்த கிளப்புகள் முதலில் யாரை விற்கப் பார்க்கும்? தன் வீட்டுப் பிள்ளையைத்தான்.

ஆறு வயதில் செல்சிக்கு வந்த மேசன் மவுன்ட் 2023-இல் விற்கப்பட்டார். 2021-இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் இருந்தவர். எட்டு வயதில் அங்கே வந்த காலகர் 2024-இல் விற்கப்பட்டார். இருவருக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வருடமே மிச்சம் இருந்தது என்பதும் உண்மை, அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் வளர்த்தவனை விற்றால் அதிக லாபம் என்று காட்டுகிற கணக்கு முறையை வைத்துக்கொண்டு, உள்ளூர் வீரர்களைக் காப்பாற்றுங்கள் என்று விதி எழுதினால் எப்படி? எனக்குக் கோபமே இதில்தான்.

வேறு வழி உண்டு. 2000 ஐரோப்பியக் கோப்பையில் தன் பிரிவிலேயே கடைசியாக வந்த ஜெர்மனி, முதல் டிவிஷன் கிளப்புகள் அகாடமி நடத்தினால்தான் உரிமம் என்றது. வெளிநாட்டவர் உச்சவரம்பையும் பிறகு எடுத்துவிட்டது. 2009-இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியிலிருந்து நொயர், ஹம்மல்ஸ், போவாடெங், ஹ்யோவெடெஸ், கெதிரா, ஓசில் என்று ஆறு பேர் 2014-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ. தங்கள் பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள், அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள், இவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற கிளப். பக்கத்து ரியல் சோசியடாட்கூட 1989-இல் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி அந்தக் கட்டுப்பாட்டை விட்டது. இவர்கள் விடவில்லை. ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதும் இல்லை. நாற்பது வருடம் கழித்து 2024-இல் ஸ்பெயினின் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இன்யாக்கி வில்லியம்ஸும் நிக்கோ வில்லியம்ஸும் இருந்தார்கள். கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு. இருவருமே பில்பாவோவின் சொந்தப் பிள்ளைகள். அவர்களில் யாரை வெளிநாட்டவர் என்பீர்கள்? பதின்மூன்று வயதில் ரொசாரியோவிலிருந்து பார்சிலோனாவுக்கு வந்து அந்த கிளப்பின் லா மாசியா அகாடமியில் வளர்ந்த மெஸ்ஸியை?

ஆட்டக்காரர்களை அனுப்புகிற நாடுகளையும் மறக்கக் கூடாது. 2022-இல் உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியில் உள்நாட்டு லீக்கில் ஆடியவர் கோல்கீப்பர் அர்மானி ஒருவர்தான். ஐரோப்பா கதவை மூடினால் முதல் அடி இவர்களுக்கு. அதே சமயம் இவர்களை வளர்த்த கிளப்புகளுக்குக் கிடைப்பது சொற்பம். டிரான்ஸ்ஃபர் தொகையில் ஐந்து சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஐந்தை ஏன் பத்தாக்கக் கூடாது?

2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ராயல் ஆன்ட்வெர்ப் கிளப் வழக்கில், இந்த உள்ளூர் வீரர் விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணாகலாம் என்றது. இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை உண்மையிலேயே ஊக்குவிக்கிறது என்று நிரூபித்தால்தான் நிற்கும். இதை நான் நல்ல வாய்ப்பாகவே பார்க்கிறேன். பட்டியலை விட்டுவிட்டு, லீக்கின் ஒளிபரப்புப் பணத்தில் ஒரு பங்கை, சொந்த அகாடமியில் வளர்ந்த 21 வயதுக்குட்பட்டவர்கள் ஆடிய நிமிடங்களை வைத்துப் பிரிக்கட்டும். சீனாவில் நடந்த மாதிரி இருபது நிமிடத்தில் மாற்றினால் இருபது நிமிடத்துக்குத்தான் காசு. அகாடமி வீரரை விற்றுக் கிடைக்கிற லாபத்தை நஷ்ட வரம்புக் கணக்கில் ஒரே வருடத்தில் காட்ட விடாமல், ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதச் சொல்லட்டும். இந்த இரண்டையும் செய்ய எந்த நாட்டு வீரரையும் தடுக்க வேண்டியதில்லை. லீக் நிர்வாகங்கள் அடுத்த சீசனுக்கு முன்பே வாக்கெடுப்புக்கு விடலாம்.

நன்றி, வணக்கம்.