அகதிக்குச் சட்டம் எழுதாத நாடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராமேசுவரத்துக்கு ரயிலில் போனவர்கள், பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் முகாம்' என்ற நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்களைத் தடுத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் நடந்து வந்த நம் மக்கள் அங்கே தங்கிவிட்டுத்தான் கடல் தாண்டினார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு அவர்களின் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர், வடக்கு கிழக்குத் தமிழர்களோடு சேர்ந்து, உயிர் தப்பி இக்கரையில் இறங்கினார்கள். அவர்களையும் அதே மண்டபத்தில்தான் பதிவு செய்தோம். போகும்போது கூலி, திரும்பும்போது அகதி.

எந்தச் சட்டத்தின்படி அவர்களை ஏற்றுக்கொண்டோம்? அப்படி ஒரு சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்தியாவில் இருந்தது 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். விசா முடிந்தும் ஊர் சுற்றும் பயணியும், குண்டுவீச்சுக்குத் தப்பி நள்ளிரவில் படகேறிய தாயும் அதன் முன் ஒன்றுதான். 2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தது. அகதி யார் என்பதை அதுவும் வரையறுக்கவில்லை.

இது கல்நெஞ்சுள்ள நாடு என்று நான் சொல்ல வரவில்லை. 1959 மார்ச் இறுதியில் தலாய் லாமா எல்லையைக் கடந்தபோது, சீனாவின் கோபத்தைத் தெரிந்தேதான் நேரு அவருக்கு இடம் கொடுத்தார். பின்னாலேயே வந்த திபெத்தியர்களுக்கு மைசூர் மாநில அரசு பைலகுப்பேயில் நிலம் ஒதுக்கியது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அந்த ஆண்டு நவம்பரிலிருந்து நாம் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் அகதிகள் நிவாரணத்துக்கென்று கூடுதலாக 5 பைசா அஞ்சல்தலை ஒட்டினோம். இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் அகதிக்காக 5 பைசா கொடுத்த நாடு இது. அதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் இவை அனைத்தும் ஆட்சியில் இருந்தவர்களின் முடிவுகள். முடிவெடுத்தவர் மாறினால் முடிவும் மாறும்.

1951-இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதற்கு அன்று நியாயம் இருந்தது. அந்த உடன்படிக்கை முதலில் ஐரோப்பாவின் போர் அகதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிரிவினையில் வீடிழந்து வந்த நம் லட்சோபலட்சம் பேர் அதன் வரையறைக்குள் வரவே இல்லை. பனிப்போர்க் காலத்தில் அதை மேற்கு நாடுகளின் கருவியாக டெல்லி பார்த்தது. எல்லைகளும் உறுதியாக இல்லை. எல்லாம் சரி. பிறர் எழுதியது பொருந்தவில்லை என்றால், நமக்குப் பொருந்துவதை நாமே எழுதியிருக்கலாம் அல்லவா?

எழுதத் தெரியாதவர்கள் அல்ல நாம். மேற்கு பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் வழங்க 1954-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வங்காளப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையினரைக் காப்பதாக உறுதிகூறிய 1950-ஆம் ஆண்டின் நேரு-லியாகத் ஒப்பந்தத்தை நம்பி, அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று ஆட்சியாளர்கள் எதிர்பார்த்தார்கள். அவர்கள் போகவில்லை. பலரை மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மீண்டு வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்களை 1979-இல் மேற்கு வங்க அரசு போலீஸை விட்டு விரட்டியது. ஒரே பிரிவினையின் அகதிகள். ஒரு பக்கத்தாருக்குச் சட்டம் கிடைத்தது, மறுபக்கத்தாருக்குக் காடு கிடைத்தது.

இனி நம் கரைக்கு வருகிறேன். 1983-க்கும் 1987-க்கும் இடையில் 1,34,000 பேர் வந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியும் இந்திரா காந்தி அரசும் கதவைத் திறந்து வைத்தன, தமிழ்நாடே அவர்களுக்காகக் கண்ணீர் விட்டது. 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி கொலையோடு எல்லாம் தலைகீழானது. குற்றம் செய்தது ஓர் இயக்கம். சந்தேகம் விழுந்ததோ முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்ற கிழவியின் மேலும்! 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று கேட்டுப் பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அந்த ஆண்டின் நடுவில்தான் அனுமதி கிடைத்தது. 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒரு சட்டம் இருந்திருந்தால், கொலையாளியையும் அகதியையும் பிரித்துப் பார்க்கும் கடமை அரசுக்கு இருந்திருக்கும். கருணைக்கு அந்தக் கடமை கிடையாது.

என்னை மிகவும் உறுத்துவது, தோட்டங்களுக்குப் போன அந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் கதை. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கை அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று, அவர்களில் ஒருவரையும் கேட்காமல் இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பாத்திரம் பண்டம் பிரிப்பதைப் போல! வருவதற்குத் தலைமன்னார்-ராமேசுவரம் கப்பல் இருந்தது. 1984-இல் கப்பல் நின்றுபோனது. அதன்பின் கலவரத்துக்கு அஞ்சிக் கள்ளத்தோணியில் வந்தவர்களை நாம் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று எழுதிக்கொண்டோம். ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டிய மக்கள், ஏறி வந்த வாகனம் மாறியதால் அந்நியர் ஆனார்கள். அவர்களில் பலர் இன்னும் முகாம்களில்தான் இருக்கிறார்கள்.

அவர்களின் பிள்ளைகள்? 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபத்தில் அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-இல் உயர் நீதிமன்றம்தான் அதை உறுதிசெய்து கொடுத்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதப்பட்டவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியையும் 2003-ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. 2019-இல் மீண்டும் சட்டம் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள், இஸ்லாம் நீங்கலாக ஆறு மதங்கள். இலங்கை அதில் இல்லை. மதத்தைப் பார்த்துத் துன்பத்தை அளக்கும் அந்த முறையையே நான் ஏற்கவில்லை. எனினும், நாற்பது ஆண்டுகளாக நம் கண் முன்னே வாழ்கிறவர்கள் சட்டம் எழுதியவர்களின் நினைவுக்கே வராதது வலிக்கிறது.

தமிழ்நாட்டில் இப்போது நிலைமை மேலானது என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் 7,469 வீடுகளைக் கட்டித்தர மாநில அரசு முடிவெடுத்தது, பணக்கொடையை உயர்த்தியது, பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நன்றி சொல்வோம். ஆனால் இதுவும் ஓர் ஆணைதான். அதே ஆண்டு மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசாலை அல்ல, அதாவது எல்லோரும் வந்து தங்கும் சத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டது. 1996-இல், கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களின் வழக்கில், உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கிருக்கும் எல்லோருக்கும் உரியது என்று தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான். நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. எழுதப்பட்ட சட்டம் இல்லாதபோது எதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்?

அகதி யார், அதை முடிவுசெய்வது யார், மறுக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம், இங்கே பிறந்த குழந்தை எந்நாட்டுப் பிள்ளை? இந்த நான்குக்கும் நாடாளுமன்றம் விடை எழுத வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. 1964, 1974 ஒப்பந்தங்களின் பட்டியலையும் முகாம் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்ட மக்களுக்கு முதலில் குடியுரிமை கொடுங்கள் என்று ஒரு மனு தயாரித்திருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தோன்றினால் கையெழுத்திட்டுப் போங்கள்.