பத்மநாபபுரத்துக் கருப்புத் தரை

நேயர்களே, வணக்கம். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து மரவேலைப்பாட்டைத்தான் பார்ப்பார்கள். அரண்மனையின் ஒரு பகுதியான தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாதுதான். ஆனாலும் ஒரு நிமிடம் குனிந்து தரையைப் பாருங்கள். முகம் தெரியும் கருப்பு.

அது சுண்ணாம்புத் தரை. அதில் சேர்ந்தவை சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு. சிரட்டைக்கரி என்றால் தேங்காய்ச் சிரட்டையை எரித்த கரி, இஸ்திரிப்பெட்டியில் போடுவோமே, அதே கரி. அதை மாவாக அரைக்க வேண்டும். குருணையாக இருந்தால் தேய்க்கும்போது பெயர்ந்து குழி விழும். வெள்ளைக்கரு துளைகளை அடைத்துப் பளபளப்பைத் தரும். சுண்ணாம்பு சிமெண்டைப் போல அவசரப்படாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மேலிருந்து கீழாக மெல்ல மெல்லக் கல்லாகும். அதனால் மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரம் காயாமல் காத்து, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், அவசரம்தான் இந்தத் தரைக்குப் பகை. அடுத்த பகை புளிப்பு. எலுமிச்சைச் சாறு பட்டால் சுண்ணாம்பை அரித்துவிடும். செருப்பில் ஒட்டிவரும் மணலும் கீறிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

இந்தத் தரையில் நடந்தவர்கள் யார்? 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர். 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டவர். அரண்மனைக்குள் இருக்கும் உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், அதற்கு மேல் மன்னரின் படுக்கையறை, உச்சித் தளம் சுவாமிக்கு. அரசர் படுத்தது சாமிக்குக் கீழேதான். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தளங்களிலுமாக 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நேரம் முடியப்போகிறது, நவராத்திரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. ஆனாலும் இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருடந்தோறும் நவராத்திரிக்கு அங்கே புறப்பட்டுப் போகிறார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் மன்னரின் உடைவாள் கைமாறுவது இன்றைக்கும் அதே உப்பரிகை மாளிகையில்தான். வணக்கம்.