சப்பரத்தில் தண்ணீர் ஓடாது

(காரைக்குடியில் ஒரு தவக்கால மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, முன்னிலை வகிக்கும் மறைவட்ட அதிபர் அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் நகரத்தார் பெருமக்களே, நோன்புக் காலத்திலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்கள் சிலரும் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுடைய பாதங்களுக்கு என் வணக்கம். அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, மாலைப் பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கிக் கட்டியிருக்கும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகரத்தார் பெரியவர்களைத் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வணங்காமல் என்னால் பேச்சைத் தொடங்க முடியாது. வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கை மகமை என்று எடுத்து வைத்துக் கோயிலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்த மரபு உங்களுடையது. 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் வள்ளல் அழகப்பர் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கொடுப்பதைப் பற்றிப் பேசுகிற தகுதி இந்த மண்ணுக்கு உண்டு. இன்று நான் பேசப்போவது கொடுப்பதைப் பற்றி அல்ல, திருப்பிக் கொடுப்பதைப் பற்றி.

பாவம் என்றால் என்ன, மன்னிப்பு எப்படிக் கிடைக்கிறது, மன்னிப்புப் பெற்றவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளோடு வந்திருக்கிறேன். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லச் சொல்லித் தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சொல்கிறேன்.

"உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்." நம் தாத்தா பாட்டிகள் சொன்ன இந்த ஒரு பழமொழி போதும், பாவம் என்றால் என்ன என்று விளங்க. செய்த செயலுக்கு விளைவு உண்டு, அதிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் பாவம் என்றதும் நமக்கு நினைவு வருவது கொலை, களவு, விபசாரம். "நான் யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை, எனக்கென்ன பாவம்?" என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

கத்தோலிக்கப் பூசையில் வாரந்தோறும் மார்பில் தட்டிக்கொண்டு என்ன சொல்கிறோம்? "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்." அந்தக் கடைசிப் பகுதியில்தான் நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறோம். லூக்கா நற்செய்தியில் ஒரு பணக்காரன் வருகிறான். அவன் இலாசர் என்ற ஏழையை அடிக்கவில்லை, விரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதாகக்கூட இல்லை. வாசலில் புண்ணோடு கிடந்தவனைத் தினமும் தாண்டிப் போனான், அவ்வளவுதான். அதற்குத்தான் அவன் செத்த பிறகு நெருப்பில் கிடந்து, நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டான்.

மன்னிப்புக்கு வருகிறேன். ஒடிசாவில் மனோகர்பூர் என்ற கிராமத்தில், 1999 ஜனவரியில், தொழுநோயாளர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸ் அவர்களையும், பிலிப், திமோத்தேயு என்ற அவருடைய இரண்டு சின்னஞ்சிறு மகன்களையும், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போய்விடவில்லை, இங்கேயே இருந்து அந்த நோயாளர்களின் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அவர் மன்னித்தார் என்பதற்காக நீதிமன்றம் வழக்கை மூடிவிடவில்லை, முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. மன்னிப்பு வேறு, செயலின் விளைவு வேறு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் நம் பக்கத்து ஓரியூரில் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தர், போர்த்துகலிலிருந்து மறைப்பணிக்கு வந்த குரு, வெட்ட வந்தவரை அன்போடு தழுவிக்கொண்டதாகக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? ஓரியூருக்கு நடைபயணம் போகிற இளைஞர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அவர் மன்னித்தது போல மன்னிக்கிறோமா என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

ஆனால் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பாதியை வசதியாக விட்டுவிடுகிறோம். அந்தப் பாதிக்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

எங்கள் அப்பத்தா சொன்ன ஒரு சம்பவம். தேவகோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம். மழையை நம்பிய ஊர், ஆறு கிடையாது, ஒரு ஊருணிதான் குடிதண்ணீருக்கு. அந்த ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலை ஒட்டி ஒரு பெரிய சம்சாரிக்கு வயல். நல்ல மனிதர், பக்திமான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கோயில் திருவிழாவுக்குப் புதுச் சப்பரம் செய்து கொடுத்தவர் அவர்தான். ஒரே ஒரு பழக்கம். ஒவ்வொரு உழவின்போதும் வாய்க்கால் கரையை ஒரு சாண் செதுக்கி வயலோடு சேர்த்துக்கொள்வார். ஒரு சாண்தானே! வருசத்துக்கு ஒரு சாண். பத்துப் பேர் இறங்கி நடந்த கால்வாய், கடைசியில் ஓர் ஆடு நுழைகிற அகலத்துக்கு வந்துவிட்டது.

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டார். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். இவர் மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெல்ல, "சாமி, வாய்க்கால் கரையைக் கொஞ்சம் தொட்டுட்டேன்" என்றார்.

"எவ்வளவு?"

"கொஞ்சந்தான் சாமி."

"முழக்கணக்கில் சொல்லுங்க."

சொன்னார். சாமியார் கேட்டார், "இப்ப வயல்ல என்ன இருக்கு?"

"அறுத்தாச்சு சாமி. காஞ்சு கிடக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. பாஸ்காவுக்குள்ள வெட்டி விட்டுட்டு வாங்க, மன்னிப்பு வாசகம் சொல்றேன்."

இவருக்கு வேர்த்துவிட்டது. "சாமி, அஞ்சு பரலோக மந்திரம், அஞ்சு அருள்நிறை மந்திரம்னு ஏதாச்சும் அபராதம் குடுங்க. வேணும்னா இன்னொரு சப்பரம்கூடப் பண்ணித் தந்துடுறேன்."

சாமியார் சொன்னாராம், "ஐயா, சப்பரத்துல தண்ணி ஓடாது."

(கைதட்டல்)

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. பெரிய வெள்ளி முழுக்க அந்த மனிதர் சாப்பிடவில்லை. பசி நோன்புக்காக அல்ல, அது வேறு பசி. சனிக்கிழமை விடியுமுன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். தன் கையால் தன் கரையை வெட்ட ஆரம்பித்தார். வீட்டுக்கார அம்மா கஞ்சிக் கலயத்தோடு தேடி வந்து, "இதென்ன கூத்து? ஆளை விட்டு வெட்டக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "சேத்தது நான்தானே" என்று மட்டும் சொன்னாராம். எதிர்க்கரைக்காரர் வந்து பார்த்தார். அவரும் சாண் சாணாகச் சேர்த்தவர்தான். ஒன்றும் பேசாமல் போய்த் தன் மண்வெட்டியை எடுத்து வந்தார். மத்தியானத்துக்குள் வாய்க்கால் நெடுகிலும் ஆட்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவரவர் எவ்வளவு எடுத்தோம் என்பது அவரவருக்குத் தெரியும். ஒருவர் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவருடைய வயல் மூலை ரொம்ப நாளைக்கு வாய்க்காலுக்குள் துருத்திக்கொண்டே நின்றதாம்.

சாமியாருக்கும் இவருக்கும் நடந்த பேச்சு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சாமியார் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அந்தப் பெரியவரே பிற்பாடு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

அந்த வருசம் பார்த்து மழை பொய்த்துவிட்டது. வாய்க்கால் வெட்டியும் ஊருணியில் தண்ணீர் இல்லை. "வெட்டி என்ன கண்டீரு?" என்று கேலி செய்தார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "மழை பேயுறது ஆண்டவர் வேலை. வழி விடுறது என் வேலை."

அந்தச் சாமியார் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. விவிலியத்தில் லேவியர் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அடுத்தவனிடம் பறித்தவன் பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பலிக்கு ஆட்டைக் கொண்டு வரவேண்டும். மத்தேயு ஐந்தில் ஆண்டவர், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். எரிகோவில் வரி தண்டுகிற சக்கேயு, "யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான், "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. எடுத்த பொருளைத் திருப்பித் தர முடிந்தும் தராதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று புனித அகுஸ்தினார் கடிதமே எழுதினார். பங்காளிச் சண்டைகளைப் பற்றித் தலைவர் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"கிறிஸ்தவர்கள் பாடு சுலபம், வாரம் பூராவும் பாவம் செய்துவிட்டுச் சாமியார் காதில் சொன்னால் தீர்ந்தது" என்று பிற சமய நண்பர்கள் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதற்கு நாம் நடந்துகொள்கிற விதம்தான் காரணம். செட்டிநாட்டுக் கடைகளில் வருசக் கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள். வரவு என்ன, பற்று என்ன, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காலணா பிசகாமல் நிற்கும். ஆன்ம சோதனை என்பது அதுதான். தர வேண்டிய பக்கத்தை எழுதாமல் விட்டால் அது கணக்கே அல்ல.

அந்தத் தர வேண்டிய பக்கத்தில் நாம் எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. அது நம் ஊருணி.

இந்தச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். செம்புராங்கல்லில் படி கட்டி, குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு என்று பிரித்து வைத்தார்கள். பெரிய வீடுகளின் வளவில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்தார்கள், மிஞ்சியது தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போனது. "ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு" என்று வள்ளுவர் பாடினாரே, அந்தக் குறளுக்கு நம் தெருக்கோடியில் கல்லில் உரை எழுதி வைத்திருந்தார்கள்.

இன்று அந்தத் தெருக்கோடிக்குப் போய்ப் பாருங்கள். நேற்று மாலை நான் போனேன். தண்ணீர் உள்ளே வருகிற குழாய் வாயில் என்ன அடைத்திருக்கிறது தெரியுமா? கல்யாண மண்டபத்துப் பேப்பர் கப்பு, பிரியாணி டப்பா, உடைந்த மதுப் பாட்டில்கள். அதற்கும் மேலே, பாதி மண்ணில் புதைந்து, நம்முடைய திருவிழா பிளக்ஸ் பேனர். மாதாவின் படம் போட்ட பேனர். படிக்கட்டு வரை சீமைக் கருவேலம் இறங்கிவிட்டது. வரத்துக்கால் இருந்த இடத்தில் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் வண்டி நிறுத்தும் கொட்டகை. சாண் சாணாகத்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

இது பாவமா, நிர்வாகக் கோளாறா? பாவம்தான். இயற்கைக்கு எதிராகச் செய்யும் குற்றம் பாவமே என்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு 1997-லேயே சொன்னார். அதை எடுத்துக்காட்டித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் உலகம் முழுமைக்கும் மடல் எழுதினார். தமிழ்நாட்டிலும் ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்து என்ன? சுவரைக் கட்டியவன் மனசு அசையவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறோமே, இங்கே உப்பைத் தின்றவன் போர் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டான். தெருவில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கிறவள், உப்பின் ருசிகூட அறியாத ஒரு தாய். அவளிடமிருந்து எடுத்ததை அவளுக்குத் திருப்பிக் கொடுக்காமல், எந்தப் பீடத்தின் முன்னால் போய் எந்தக் காணிக்கையை வைக்கப் போகிறோம்?

தலைவர் அவர்கள் மணியடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். பங்குத்தந்தை அவர்களிடம் பணிவோடு ஒரு விண்ணப்பம் வைத்தேன்: இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களுக்கு, முடிந்தவர்களுக்கெல்லாம், ஊருணியில் ஒரு காலை வேலையை அபராதமாகக் கொடுங்கள் என்று. சிரித்துக்கொண்டே சம்மதித்திருக்கிறார்கள். ஜமாத் தலைவர் அவர்கள் தங்கள் இளைஞர்களை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் அம்மா டிராக்டர் தருகிறார்கள். வரத்துக்காலில் சுவர் இருக்கிறவர்களின் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன், அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள், அவர்களே வருவார்கள் என்று நம்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊருணியின் கீழ்க்கரையில் கூடுகிறோம். மண்வெட்டி, அரிவாள், கூடை இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கருவேல முள் குத்தும், செருப்பில்லாமல் யாரும் வர வேண்டாம். கஞ்சியும் துவையலும் மாதர் சங்கத்தார் பொறுப்பு. பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் நோட்டோடு நிற்கும் கோயில்பிள்ளையிடம் இப்போதே கொடுத்துவிட்டுப் போங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கும் நன்றி, வணக்கம்.