கரண்டு பில்லில் எந்தக் கட்டணத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

சோலார் போன்ற பசுமை மின்சாரத் திட்டத்தால்தான் கரண்டு பில் ஏறுகிறது என்கிறார்கள் சிலர். அதற்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். பில்லைக் கையில் எடுத்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

பருவநிலைக் கொள்கைக்காக நேரடியாகப் பிடிக்கும் பணம் பில்லில் ஒரே இடத்தில் இருக்கிறது: கும்புலான் வாங் தெனாகா போலே பாரு, அதாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி, 1.6 விழுக்காடு. 2011-இல் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014-இல் 1.6 ஆனது. மாதம் 300 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இது கிடையாது. ஏ.எஃப்.ஏ. என்று வரும் எரிபொருள் விலைச் சரிக்கட்டல் வேறு. அது நிலக்கரி, எரிவாயு விலையையும் ரிங்கிட்டின் மதிப்பையும் பார்த்து மாதாமாதம் ஏறும், இறங்கும். சோலார் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

வீட்டுக் கணக்கை உண்மையில் புரட்டிப் போடுவது 600-ஆவது யூனிட். 2025 ஜூலை 1-இல் வந்த கட்டண முறைப்படி, எரிசக்தி, மின்நிலையக் கொள்ளளவு, மின்கம்பிவலை ஆகிய மூன்று கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அதில், குறைவாகப் பயன்படுத்துவோருக்கு அதிகமாகக் கிடைக்கும் சிக்கனச் சலுகை கழியும். சரியாக 600 யூனிட் ஆனால் யூனிட்டுக்கு 9 சென் கழிந்து 212 ரிங்கிட் 58 சென் வரும். 601 ஆனால் சலுகை எல்லா யூனிட்டுக்கும் 7.5 சென்னாகச் சுருங்கும், 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். மொத்தம் ஏறக்குறைய 232 ரிங்கிட். ஒரே யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல்! ஏ.எஃப்.ஏ.வும் சேவை வரியும் அதற்குப் பிறகுதான் வந்து உட்காரும். சலுகை மீட்டருக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் லயத்து வீடு, சிக்கனமாக இருந்தாலும் 600 என்ற கோட்டைத் தாண்டிவிடும். இது நியாயமே இல்லை.

இனி கேள்வி. "பில் ஏன் ஏறியது?" என்று பொதுவாகக் கேட்டால், அமைச்சர் உலகச் சந்தையில் நிலக்கரி விலை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். கேள்வி அந்தப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியைப் பற்றி இருக்க வேண்டும். சோலார் மின்சாரத்தை 21 ஆண்டு, செம்பனை ஆலைக் கழிவில் கிடைக்கும் உயிர்வாயு மின்சாரத்தை 16 ஆண்டு நிச்சய விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை இந்த நிதியிலிருந்துதான் போகிறது. ஆகவே 1.6-ஐ நாளைக்கே எடு என்பது நடக்காது. ஆனால் ஒப்பந்தங்கள் முடிய முடிய அது குறைய வேண்டாமா?

நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம், மக்களவையில் எழுத்துபூர்வ பதில் கேட்டு இப்படிக் கொடுங்கள்: ஆண்டுவாரியாக நிதியில் எவ்வளவு சேர்ந்தது? சோலாருக்கு எவ்வளவு, உயிர்வாயுவுக்கு எவ்வளவு போனது? கடைசி ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? மீதிப் பணம் என்ன ஆகும்?

இன்னொன்றும் சேருங்கள். இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-இல் கார்பன் வரி, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்துக்கான வரி, என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நிலக்கரி மின்நிலையம் அதைக் கட்டினால், அந்தச் செலவு நம் பில்லில் எந்த இடத்தில் வரும்? பெயர் போட்டு வருமா, அடிப்படைக் கட்டணத்துக்குள் கரைந்து வருமா? கரைந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துக் கேட்க முடியாது. அதனால் கார்பன் வரி வருவதற்கு முன்பே இதற்குப் பதில் எழுத்தில் கிடைக்க வேண்டும்.