பச்சிளங்குழந்தைப் பிரிவைவிட்டுச் செவிலியர் ஏன் விலக நினைக்கிறார்கள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியர் வேலையை விட்டுவிடலாமா என்று பேசத் தொடங்கினால், குழந்தைகள் இறப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை போலும் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அப்பிரிவில் பணிபுரிந்தவள் என்ற முறையில் இதை நான் மறுக்கிறேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பின்னும் நேரும் இறப்பைத் தாங்கும் வலிமை அவர்களுக்கு உண்டு. இன்னது செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய ஆளும் நேரமும் இல்லாமற்போவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலேயே, ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்த குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. மிகுந்தால் விழித்திரை பழுதாகிப் பார்வையே போகலாம். அதனால் ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று மானிட்டரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். மருந்தோ மில்லிலிட்டரின் சிறு பின்னங்களில் செல்வது. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் அளவு பத்து மடங்காகிவிடும். டிரிப் ஏறும் இடம் வீங்கியிருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்காவிட்டால், கசிந்த மருந்து தோலையே அழித்துவிடும். வென்டிலேட்டரில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்ற அளவுகோல் இதனால்தான் வந்தது. பிரிட்டனிலும் அதுவே நெறி. அங்கும் பல பிரிவுகள் அதை எட்டுவதில்லை. ஒருவரே மூன்று நான்கு குழந்தைகளைப் பார்க்கும் இரவில் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஒரு வார்மரின் அலாரம் ஒலிக்கும்போது, அவர் அடுத்த குழந்தைக்குக் குழாய்வழிப் பால் கொடுத்துக்கொண்டிருப்பார். எதை முதலில் கவனிப்பது என்ற அந்தத் தீர்மானம் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அவரை விடாது.

சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாத நிலையின் வேதனையை, 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் செவிலியர் பணியை முன்வைத்தே விளக்கினார். பிழைக்கும் வாய்ப்பு அற்றுப்போன குழந்தைக்குச் சிகிச்சையைத் தொடர்வதா என்று முடிவெடுக்கும் பேச்சில் செவிலியருக்கு இடமில்லை. ஆனால் மீண்டும் மீண்டும் ஊசி குத்துவது அவர் கைதான், "எம் புள்ளை எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று அந்தத் தாய் கேட்பதும் அவரிடம்தான்.

ஊதியத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகப் போட்டித் தேர்வெழுதி வந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் செல்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்பது அநியாயம்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இப்பிரிவின் வேலையைப் பழக மாதங்கள் ஆகும். அப்படித் தேர்ந்த ஒருவரை ஆள் பற்றாக்குறை என்று பொது வார்டுக்கு மாற்றிவிட்டு, அவர் இடத்தில் புதியவரை நிறுத்துகிறோம். எஞ்சியிருக்கும் மூத்தவர் தம் குழந்தைகளையும் பார்த்து, புதியவரின் கையையும் கண்காணிக்க நேர்கிறது. அடுத்து விலக நினைப்பவர் பெரும்பாலும் அவர்தான். பயிற்சி பெற்றவரை அவர் ஒப்புதல் இல்லாமல் இப்பிரிவிலிருந்து மாற்றக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை குழந்தைகள், எத்தனை செவிலியர் என்பதை எழுதி, கூடுதல் ஆளை அழைக்கும் அதிகாரத்தைப் பொறுப்புச் செவிலியருக்கே கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் நிர்வாகத்தின் முன் எழுத்தில் வைக்க, இந்த மேடையில் உள்ள மருத்துவர்கள் எங்களோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.