காலண்டரில் அமாவாசை பார்த்த அதிகாரி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழலைக் காக்க முடிவெடுப்பவர்களுக்குக் கணினி எப்படி உதவ வேண்டும் என்பது தலைப்பு. பயப்பட வேண்டாம், படம் போட்டு விளக்க வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் வடசென்னை, திருவொற்றியூர்க்காரன். இந்த மாதிரி மென்பொருள் எழுதியே தலை நரைத்தவன். ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மழை. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்திருந்தார்கள். பூண்டியில் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வழியாக அது எங்கே வரும் என்று மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாட்டு அறையில் நான் செய்த வரைபடம் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மழை அளவு ஒரு நிறம், கால்வாய் ஒரு நிறம், பள்ளமான தெரு ஒரு நிறம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொறுப்பில் இருந்த அதிகாரி அதை ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, ஜனங்களை இப்பவே எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமா, விடியற வரைக்கும் விடலாமா? அதைச் சொல்லு" என்றார்.

நான் இன்னொரு நிறத்தைக் காட்டினேன்.

அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்தார். அப்புறம் எண்ணூரில் தெரிந்த ஒரு மீனவருக்குப் போன் போட்டார். "என்னண்ணே, கடல் தண்ணி வாங்குதா?" அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது: "எங்க சார், எதிர்த்துத் தள்ளுது."

அவ்வளவுதான். ஆட்களைக் கிளப்பச் சொல்லிவிட்டார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். ஏற்றத்தில், கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் ஆற்றுத் தண்ணீரை வாங்காது. வாங்காவிட்டால் அது பின்னுக்கு வந்து தெருவில்தான் நிற்கும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இது எண்ணூரில் வலை கட்டும் பையனுக்குத் தெரியும். என் வரைபடத்தில் எல்லாம் இருந்தது, கடல் மட்டும் இல்லை!

அன்றிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். நண்பர்கள் கிண்டல்கூடச் செய்வார்கள். என்ன தரவு கிடைக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்காதே. யார், எத்தனை மணிக்குள், எதை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டு ஆரம்பி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென்று வந்த சி-ஃப்ளோஸ் எச்சரிக்கை அமைப்பு மழையையும் ஆற்றையும் கடல் மட்டத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கணக்கு ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கண்ணோடு இருப்பவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? மறுபடியும் அதே கேள்விதான், மன்னியுங்கள்.

இன்னொன்று. இடுப்பளவு வரும் என்று கணினி அடித்துச் சொல்லி, கணுக்காலோடு நின்றுவிட்டால், அடுத்த முறை அந்தத் திரையை யார் நம்புவார்கள்? 'முழங்காலிலிருந்து இடுப்பு வரை வரலாம்' என்று சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதில்லை.

காற்று விஷயமும் இப்படித்தான். மணலியில் நடு ராத்திரி அழுகிய முட்டை நாற்றம் வந்து ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள். காலையில் போனில் பார்த்தால் காற்றுத் தரம் பரவாயில்லை என்று இருக்கும். பொய் இல்லை. நம் நாட்டுக் குறியீட்டில் சேரும் 8 மாசுகளில் அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு கிடையாது. சேர்ந்திருக்கும் தூசுக்கும் 24 மணி நேரச் சராசரிதான். வயதானவரை இன்று நடைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய அந்த எண் உதவும். இந்த நேரத்தில் எந்தப் புகைபோக்கியைப் போய்ச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்ய உதவாது. அதற்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, வாடையா கச்சானா என்பதும், யார் எத்தனை மணிக்குப் புகார் சொன்னார்கள் என்பதும் ஒரே பக்கத்தில் வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். எண்ணெய்க் கசிவைப் பற்றித்தான் நிறைய எழுதி வந்தேன். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக்கொண்டபோதும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும், எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதவைத் தடுப்பை முதலில் எங்கே போடுவது என்பதுதான் அவசரக் கேள்வி. நீரோட்டம் தெரிந்த மீனவர்களை அந்தக் கணினியின் முன்னால் உட்கார வைக்க வேண்டும், அதுவும் அதை வடிவமைக்கும்போதே. அப்புறம், கருவி வாங்கும் பணத்தோடு அதைத் துடைத்து வைக்கும் ஆளுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். உப்புக் காற்று... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.