பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். இரும்புத் தொட்டி, குழாய், பாலம் என்று எதற்குப் பெயின்ட் அடித்தாலும், அடிப்பதற்கு முன் அதன் மேற்பரப்பைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. "பெயின்ட் உரிகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். போனதும் உரிந்த தோலைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே துருப்பொடி ஒட்டியிருக்கும், அல்லது நீலச்சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில் இருக்கும். பெயின்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. அது பிடித்துக்கொண்டது துருவை.

அந்த நீலச்சாம்பல் செதிலை மில் ஸ்கேல் என்போம். தகட்டைச் சூடாக உருட்டும்போதே அது படிந்துவிடும். புதுத் தகட்டில் வழவழவென்று இருப்பதால், "துருவே இல்லையே, அப்படியே அடித்துவிடலாம்" என்று தோன்றும். வெயிலிலும் குளிரிலும் அது விரிசல் விடும். ஈரம் உள்ளே இறங்கும். அடியில் இருக்கும் இரும்பு அரிக்கத் தொடங்கும். மேலே இருக்கும் பெயின்ட் செதிலோடு சேர்ந்து கழன்றுவிடும்.

சரி, பிளாஸ்டிங் செய்தால், அதாவது கிரிட் என்னும் கடினத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டினால் போயிற்று என்று நேராகக் குழலை எடுக்காதீர்கள். முதலில் எண்ணெயும் கிரீஸும் போக வேண்டும். இல்லையென்றால் கிரிட் அடிக்கிற வேகத்தில் எண்ணெய் பரப்பெங்கும் பரவிவிடும். தின்னரில் நனைத்த ஒரே துணியால் முழுத் தகட்டையும் துடைப்பதும் எண்ணெயைப் பரப்புகிற வேலைதான்; துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். துடைத்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

பிளாஸ்டிங்கில் நாங்கள் அதிகம் கேட்கும் சுத்தத்தின் தரம் எஸ்ஏ இரண்டரை (Sa 2½). ஐஎஸ்ஓ 8501-1 என்ற சர்வதேசத் தரநிலையில் அதற்குப் படமே உண்டு. லேசான கறைப் புள்ளிகள், கோடுகள் தவிர எதுவும் மிஞ்சக் கூடாது. பரப்பில் பெயின்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பும் வேண்டும். பல பூச்சுகளுக்கு 40 முதல் 75 மைக்ரான் வரை கேட்பார்கள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் சாதாரண மணலை மட்டும் பயன்படுத்தவே வேண்டாம். அதன் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரவைக்கும். வந்தால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உப்பு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு தொட்டியின் உட்புறம் பார்ப்பதற்குப் படத்தில் இருப்பது போலவே வந்திருந்தது. உப்புச் சோதனை செய்யாமல் விட்டுவிட்டோம். சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஒன்றைக் கத்தி முனையால் குத்தினேன். தண்ணீர் வழிந்தது, அடியில் இரும்பு கறுத்துக் கிடந்தது. பெயின்டின் வழியே தண்ணீரை உள்ளே இழுத்தது துருக்குழிக்குள் தங்கிப்போன உப்பு. கிரிட் அதை முழுதாக வெளியேற்றாது. நல்ல தண்ணீரை அதிக அழுத்தத்தில் பாய்ச்சிக் கழுவி, காயவிட்டு, மறுபடி பிளாஸ்டிங் செய்ய வேண்டும். அப்புறம் பரப்பில் ஒட்டிய, பிளாஸ்டர் போன்ற சிறு பட்டைக்குள் சுத்தமான தண்ணீரை ஊசியால் ஏற்றி இறக்கி, அந்தத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்தால் எவ்வளவு உப்பு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

வானிலையையும் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரும்பின் சூடு, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயிண்டை விடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரும்பின் மேலேயே வெப்பமானியை வைத்து அளந்து பாருங்கள். விடிகாலையில் வெளியே இதமாக இருக்கும்போது தகடு மட்டும் ஜில்லென்று வியர்த்திருக்கும்.

கடைசியாக, கம்ப்ரஸர் காற்றை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள். எண்ணெய்க் கறையோ ஈரமோ தெரியக் கூடாது. அந்தக் காற்றால் தூசியைத் தள்ளிவிட்டு, பரப்பில் ஒரு டேப்பை அழுத்தி ஒட்டி, உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். சாம்பல் பூத்திருந்தால் மறுபடி தூசி தட்டுங்கள். தெளிவாக இருந்தால், இரும்பு நிறம் மாறுவதற்குள் முதல் பூச்சான பிரைமரைக் கலக்கச் சொல்லலாம்.

வணக்கம்.